கடலைத் தாண்டினோம், தெருவைத் தாண்டினோமா?



விசுவாசத்தில் பழகிய இடத்தை விட்டு வெளியே வருவதைப் பற்றிப் பேசு என்று என்னை அழைத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பைக் கிள்ளையில் வைத்துப் பேசுவதற்கு எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. ஏனென்றால் வெளியே வருவதைப் பற்றி இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மாசி மகம் வந்தால் ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராக சுவாமி கோயிலை விட்டுக் கிளம்பித் தீர்த்தவாரிக்காக இந்தக் கிள்ளைக் கடலுக்கு வருகிறார். வரும் வழியில் தைக்காலில் தர்காவின் வாசலில் அவருக்கு இஸ்லாமியப் பெரியவர்கள் மாலை மரியாதை செய்கிறார்கள். கோயில் பிரசாதம் தர்காவுக்குப் போகிறது. தர்காவின் மரியாதை சுவாமிக்கு வருகிறது. இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். அப்படிப்பட்ட ஊரில் கிறிஸ்தவர்களாகிய நாம் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம் அல்லவா? நாம் எவ்வளவு தூரம் வெளியே வந்திருக்கிறோம்?

வெளியே வருவது என்றதும் நம் பிரசங்க மேடைகளில் உடனே ஒரு படகு வந்துவிடும். கலிலேயாக் கடல், விடியலுக்கு முந்தைய இருட்டு, எதிர்காற்று, பேதுரு படகிலிருந்து காலை எடுத்துத் தண்ணீர் மேல் வைக்கிறார். நல்ல காட்சிதான். மீன் பிடிக்கிற ஊர்களில் இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் கண் கொட்டாமல் கேட்பார்கள். ஆனால் நான் உங்களை இன்னொரு இடத்துக்குக் கூட்டிப் போகிறேன். அதே பேதுருதான். பல வருடம் கழித்து. இடம் யோப்பா பட்டணம், கடலோரத்தில் தோல் பதனிடுகிற சீமோன் என்பவரின் வீடு. மதிய நேரம், மொட்டை மாடி, பேதுருவுக்குப் பசி. வானத்திலிருந்து ஒரு துப்பட்டி இறங்குகிறது. அதற்குள் அவர் சாதியார் சாப்பிடக் கூடாத பிராணிகள் எல்லாம் இருக்கின்றன. சாப்பிடு என்கிறது ஒரு குரல். மாட்டேன் ஆண்டவரே என்கிறார் பேதுரு. மறுபடி சொல்கிறது. மறுபடி. மூன்று முறை!

கவனியுங்கள். தண்ணீர் மேல் நடக்க வா என்று சொன்னபோது எத்தனை முறை கூப்பிட வேண்டியிருந்தது? ஒரே முறை. வா என்றார், இறங்கிவிட்டார். ஆனால் கொர்நேலியு என்ற ரோமப் படைத் தலைவனின் வீட்டு வாசற்படியைத் தாண்ட? மூன்று முறை தரிசனம், வாசலில் மூன்று ஆட்கள், போய் வா என்று ஆவியானவரின் கட்டளை, இவ்வளவும் தேவைப்பட்டது. போய்விட்டுத் திரும்பினாரே, எருசலேம் சபையார் அவர் மேல் வைத்த முதல் குற்றச்சாட்டு என்ன? ஏன் ஞானஸ்நானம் கொடுத்தாய் என்றா? இல்லை. அவர்கள் வீட்டுக்குள் போனாயே, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாயே என்றார்கள்.

அன்பர்களே, கடலில் கால் வைப்பது சுலபம். வாசற்படியில் கால் வைப்பதுதான் கஷ்டம். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். இதற்குச் சாட்சியாக யூதேயாவுக்குப் போகவே வேண்டாம். இந்தக் கரையோரத்திலேயே, கடலூருக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவே, முந்நூறு வருடச் சாட்சி இருக்கிறது.

1706ஆம் வருடம் ஜூலை 9ஆம் தேதி. தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் துறைமுகம். பர்த்தலோமேயு சீகன்பால்கு என்ற ஜெர்மானிய இளைஞர் கரையில் இறங்குகிறார். மறுநாள் அவருக்கு 24 வயது பிறக்கிறது. கூட வந்தவர் ஹென்ரிக் புளூட்ஷோ. இருவரையும் டேனிஷ் கோட்டைத் தளபதிக்கே பிடிக்கவில்லை. சொந்த நிறத்து ஆளே முகத்தைத் திருப்பிக்கொண்டான். சீகன்பால்கு என்ன செய்தார்? ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டார். படித்துப் பட்டம் பெற வேண்டிய ஒரு வாலிபன், ஐந்து வயதுப் பிள்ளைகளோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணலில் விரலை வைத்து அ எழுதினான், ஆ எழுதினான். பிள்ளைகள் சிரித்திருக்க மாட்டார்களா? சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தானே, அதுதான் பெரிய விஷயம். சில வருடங்களில் அவர் தமிழ் ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜெர்மனுக்குப் பெயர்த்தார். ஒரு ஏழைக் கைம்பெண்ணின் கடன் வழக்கில் அவளுக்காகப் பேசப் போய், 1708 கடைசியில் பிடிபட்டு நான்கு மாதம் கோட்டைச் சிறையில் கிடந்தார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுதாக அச்சாகி வெளியே வந்தது. 1719 பிப்ரவரியில் இறந்தார். வயது 36.

பெரிய மனிதர். மறுப்பே இல்லை. ஆனாலும் நம் சபைகளில் வெளியே வந்தவர்கள் யார் என்று கேட்டால் கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரர்களின் பெயரை மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுகிறோம். உள்ளூர்க்காரனின் பெயர் யாருக்காவது நினைவிருக்கிறதா?

கடலூரில் ஒரு வேளாளர் குடும்பம். அதில் ஆறுமுகம் என்று ஒரு பையன். 1717இல் சீகன்பால்கு கடலூரில் ஒரு தர்மப் பள்ளிக்கூடம் வைத்தார். அந்தத் தொடர்பில் இந்த இளைஞர் வேதத்தைக் கேட்டார், படித்தார், 1718இல் ஞானஸ்நானம் பெற்றார். ஆறுமுகம் ஆரோன் ஆனார். அவருக்கு வீட்டை விட்டு வருவது என்றால் என்ன? சீகன்பால்கு ஜெர்மனியை விட்டு வந்தபோது வழியனுப்பி வைத்தவர்கள் உண்டு. ஜெபிக்க ஆள் உண்டு. பணம் அனுப்ப டென்மார்க் ராஜாவே உண்டு. ஆரோனை வழியனுப்ப யார் இருந்தார்கள்? வேதத்தில் சேர்ந்தவனுக்குக் குலத்தில் இடமில்லை, கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைக்க மாட்டார்கள், கருமாதிக்குக் கூப்பிட மாட்டார்கள். நம் ஊரில் ஒரு மனிதன் சாதியை விட்டு நிற்பதென்றால் அது தனித் தீவில் நிற்பது. கப்பல் ஏறாமலேயே நாடு கடந்தவர் அவர்.

தரங்கம்பாடி ஒரு சின்னத் துண்டு நிலம். 1620இல் தஞ்சாவூர் ராஜாவிடம் டேனிஷ்காரர்கள் பெற்ற இடம். அதைச் சுற்றி இருந்ததெல்லாம் தஞ்சை ராஜ்யம். ஐரோப்பியப் பாதிரிமார்கள் நினைத்த மாத்திரத்தில் அதற்குள் போய்விட முடியாது. ஆகவே கிராமம் கிராமமாக நடந்தது யார்? வெயிலில், மழையில், காவிரிக் கிளைகளில் பரிசல் கிடைக்காத நாளில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போனது யார்? உபதேசியார்கள். நம் ஆட்கள். அந்த உபதேசியார்களில் ஒருவராக ஆரோன் உழைத்தார். 1733 டிசம்பர் 28ஆம் தேதி, கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் குரு. நம் கடலூர்க்காரர்! மாயவரம் பக்கத்துக் கிராமங்களில் ஊழியம் செய்து 1745இல் மறைந்தார்.

கைதட்டுகிறீர்கள். தட்டலாம். ஆனால் இத்தோடு நான் கதையை முடித்தால் அது பாதிக் கதை. மீதிக் கதை கைதட்டக் கூடியதல்ல.

அதே காலத்தில் ராஜநாயக்கன் என்று இன்னொரு மனிதர் இருந்தார். தஞ்சாவூர் ராஜாவின் படையில் சேவகம் பார்த்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பறையர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் எப்படியோ அவர் கைக்கு வந்தது. வாசித்தார். வாசித்தவருக்குத் தூக்கம் போய்விட்டது. தரங்கம்பாடியோடு சேர்ந்தார். உபதேசியார் ஆனார். ஏறத்தாழ நாற்பது வருடம், 1771இல் கண்ணை மூடும்வரை, தஞ்சைச் சீமையில் நடையாய் நடந்தார். எதிர்ப்பு, அடி, மிரட்டல் எல்லாவற்றையும் பார்த்தார். ஆரோனுக்குப் பிறகு இரண்டாவது குருவை அபிஷேகம் செய்ய வேண்டி வந்தது. தகுதி? இருந்தது. உழைப்பு? இருந்தது. சாட்சி? இருந்தது. 1741இல் குருப்பட்டம் பெற்றவர் தியோகு என்பவர். ராஜநாயக்கனுக்குக் கடைசிவரை அது கிடைக்கவில்லை.

ஏன்? அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள். அவர்கள் வீட்டுக்குள் அவரால் போக முடியாது. ஆகவே வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள், கடலைத் தாண்டி வந்த பாதிரிமார்கள்!

எனக்கு அவர்கள் மேல் கோபம் வருகிறது; கொஞ்சம் இரக்கமும் வருகிறது. புயலுக்குப் பயப்படாதவர்கள், காலராவுக்குப் பயப்படாதவர்கள், சிறைக்குப் பயப்படாதவர்கள், இங்கே வந்து நம் தெருவுக்குப் பயந்துபோனார்கள். கோயிலுக்குள்ளேயும் இந்தச் சாதியார் இந்தப் பக்கம், அந்தச் சாதியார் அந்தப் பக்கம், நடுவில் இடைவெளி என்று உட்கார வைத்தார்கள். அந்த இடைவெளியின் அகலம் என்ன? ஓர் ஆள் நடக்கும் வழி. அதைத் தாண்ட நமக்கு எத்தனை நூற்றாண்டு!

தாண்டச் சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு இனி கூடாது, உடனே விட வேண்டும் என்று கடிதம் எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியே போனார்கள். கவனியுங்கள், வெளியே வரச் சொன்னால் கோயிலை விட்டு வெளியே போனார்கள், சாதியை விட்டு வரவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எப்பேர்ப்பட்ட கவிஞர்! அவர் கீர்த்தனை இல்லாமல் நமக்குப் பண்டிகை இல்லை. அவரும் இந்த விஷயத்தில் சாதி வழக்கத்தின் பக்கம் நின்று எழுதினார். அவர் பாட்டை நான் பாடுவேன், என் பிள்ளைக்கும் சொல்லித் தருவேன். அதற்காக அவர் நின்ற பக்கத்தை மறைக்க மாட்டேன்.

இனி நம் கடலூர் ஜில்லாவுக்கே வருவோம். பண்ருட்டிக்குப் போகும் வழியில், நெல்லிக்குப்பம் தாண்டினால் மேல்பட்டாம்பாக்கம். பஸ்ஸில் போகிறவர்கள் எத்தனையோ முறை தாண்டியிருப்பீர்கள். அங்கே பெத்தானி என்று ஒரு மிஷன் தலம் எப்படி வந்தது தெரியுமா? கார்ல் ஓக்ஸ் என்று ஒரு லைப்சிக் மிஷனரி. அவருடைய மிஷன், சாதி என்பது சமூக வழக்கம்தானே, மெல்ல மெல்லத் தானாகப் போகும், இப்போது கை வைக்க வேண்டாம் என்றது. ஓக்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. உபதேசியாராக வருகிறவனாவது மற்றச் சாதிக்காரனோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாமா என்று கேட்டார். தகராறு முற்றியது. தன்னை அனுப்பிய மிஷனை விட்டே விலகினார். சம்பளம் போயிற்று, வீடு போயிற்று. 1860களின் தொடக்கத்தில் பட்டாம்பாக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு டேனிஷ் மிஷனரி சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கே போகிறது. உங்களில் பலர் அந்தச் சபையார்தான். நம் சபை பிறந்ததே ஒரு பந்தித் தகராறில் என்பது உங்களுக்குத் தெரியுமா?

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குச் சாதியை விடு என்று சொல்வது எளிது. விட்டால் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா, பங்காளி சாவுக்கு வருவானா என்ற பயம் ஓக்ஸுக்கு இல்லை. அந்தப் பயம் நமக்கு உண்டு. அது பொய்ப் பயமும் அல்ல. அதனால்தான் நம்மில் ஒருவர் தாண்டும்போது அது இன்னும் கனமானது.

அப்படித் தாண்டியவர்களில் ஒருவர் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த சாமுவேல் அசரியா. 1903இல் திருநெல்வேலிக்காரர்களின் சொந்தக் காசில், சொந்த ஆட்களோடு ஒரு மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர். மற்றவர்களை அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம். உட்காரவில்லை. 1909இல் குடும்பத்தோடு தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்குக் குடியேறினார். முப்பத்தைந்து வயதில் புது மொழி, புதுச் சோறு. மறு வருடம் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. வெள்ளைக்கார மேன்மக்கள் நிறைந்த சபை. அங்கே எழுந்து நின்று அவர் கேட்டதன் சாரம் இதுதான்: எங்களுக்காக எல்லாம் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களைச் சிநேகிதராக மட்டும் நடத்தவில்லையே! எத்தனை மிஷனரி தன் வீட்டு மேஜையில் ஒரு இந்திய ஊழியனை உட்கார வைத்துச் சோறு போட்டிருக்கிறான் என்பதே அவர் மனத்தில் இருந்த கேள்வி. பாருங்கள், மறுபடியும் சோற்றிலேயே வந்து நிற்கிறது! 1912இல் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். மாலா, மாதிகா மக்களின் சேரிகளில் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் சுற்றி, ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரையும் தன் தலைமேல் கையை வைத்து, நான் சுவிசேஷம் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்ல வைத்தார்.

சரி, வரலாறு போதும். கிள்ளைக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி. எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு. இந்தப் பெயர்களைச் சொன்னாலே இந்த மண்டபத்தில் சிலருக்குத் தொண்டை அடைக்கும், எனக்குத் தெரியும். சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின, முன்னால் இருந்தவை அழிந்தன. அன்றைக்கு யார் எந்தச் சாதி, எந்த மதம் என்று யாராவது கேட்டார்களா? கேட்காமல் தூக்கினார்கள், கேட்காமல் கோயிலிலும் பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் படுக்க வைத்தார்கள். ஆனால் சில நாள் போனதும்? தமிழகக் கடற்கரையில் பல முகாம்களில் தண்ணீர்த் தொட்டிக்கும் சாப்பாட்டு வரிசைக்கும் சாதி வந்துவிட்டது என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. அலை வந்தபோது தாண்டிய கோட்டை, அலை வடிந்ததும் மறுபடி போட்டுக்கொண்டோம்.

நம் பக்கத்தில் எம்.ஜி.ஆர். நகர் இருக்கிறது. ஆதிவாசிகளான இருளர் மக்கள். பிச்சாவரம் வாய்க்கால்களில் அவர்கள் இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் வரிசையாக நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, இறால் அகப்பட்டதும், பல்லில் கடித்துப் பிடித்திருக்கும் ஓலைப் பறிக்குள் போடுவார்கள். பெண்களும்தான். மணிக்கணக்காக. வாயில் பறி இருப்பதால் பேசவும் முடியாது. அந்த இறால் நம் வீட்டுத் தொக்காகிறது, நம் விருந்தாளியின் இலைக்கு வருகிறது. அந்தக் கை மட்டும் நம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். ஜார்க்கண்டுக்கு மிஷனரி அனுப்ப நாம் மாதாமாதம் காணிக்கைக் கவர் போடுகிறோம். அங்கே ஆதிவாசிப் பிள்ளைகளின் படத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறோம். போடுங்கள், நல்லதுதான், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆதிவாசிக்காக அழுகிற நாம், இங்கிருந்து நடந்தே போகக்கூடிய ஆதிவாசி வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறோமா? சாதிச் சான்றிதழுக்காக அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அலுவலகம் அலுவலகமாக அலையும்போது கூடப் போய் ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோமா? எழுதப் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்களே இந்தச் சபையில் எத்தனை பேர்!

இங்கே மற்ற மார்க்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். தவறாக எண்ண வேண்டாம். யாரையும் நம் பக்கம் இழுக்கப் போகச் சொல்லவில்லை. போய்ச் சாப்பிடச் சொல்கிறேன். சில நாள் தங்கும்படி கொர்நேலியு வீட்டார் பேதுருவை வேண்டிக்கொண்டார்கள் என்று வேதம் சொல்கிறது. தங்கினால் என்ன சாப்பிட்டிருப்பார்? அவர்கள் வைத்ததைத்தான். தரிசனத்தில் வேண்டாம் என்று மூன்று முறை சொன்ன அதே வாய்தான் அதைச் சாப்பிட்டது. அதன் பிறகும் அவருக்குப் பழைய பயம் முழுவதும் போகவில்லை. அந்தியோகியாவில் எருசலேம் ஆட்கள் வந்ததும் மெல்லப் பந்தியை விட்டு எழுந்தார். பவுல் முகத்துக்கு நேரே கண்டித்தார். அப்போஸ்தலனுக்கே ஒரு முறை தாண்டினது போதவில்லை. நமக்கா போதும்?

வாலிபப் பிள்ளைகளிடம் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் போனில் கிறிஸ்தவத் திருமணத் தகவல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘இரட்சிக்கப்பட்ட, ஊழிய வாஞ்சையுள்ள’ என்று தொடங்கும். அதே வரியில் அடுத்த சொல்லாகச் சாதிப் பெயர் வரும். உங்களுக்கு வரன் பார்க்கும்போது அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள் என்று அப்பாவிடம் சொல்ல முடியுமா? ஆப்பிரிக்காவுக்குப் போக நான் தயார் என்று கன்வென்ஷனில் கை தூக்குவதைவிட அது கடினம். எனக்குத் தெரியும். கேட்டுப் பாருங்கள், வீடு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம், கமிட்டியாருக்கு. அறுப்பின் பண்டிகை வருகிறது. வழக்கம்போல் அன்பின் விருந்து உண்டு. யார் சமைப்பது, எங்கே சமைப்பது, யார் பரிமாறுவது என்று கூட்டம் போட்டுப் பேசுவீர்கள். இந்த வருடம் எம்.ஜி.ஆர். நகர்ப் பெண்கள் சமைக்கட்டும், கூலிக்கு அல்ல, விருந்துக்காரர்களாக. பாத்திரமும் அடுப்பும் அவர்கள் தெருவிலேயே இருக்கட்டும். சபை முழுக்க அங்கே போகட்டும், ஆயர் ஐயா முதல் வரிசையில் தரையில் உட்காரட்டும். இறால் குழம்பு அவர்கள் வைப்பதுபோல் கிள்ளையில் யாரும் வைக்க மாட்டார்கள் என்று சொல்கிறார்கள். எனக்கும் ஒரு இலை போட்டுவிடுங்கள். சிதம்பரத்திலிருந்து முதல் ரயிலுக்கே வந்துவிடுகிறேன்.